நீலப் பட்டை வைத்த கால்சட்டை

என் பேத்திக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. அதற்குள் அவள் உதைத்த உதையில் என் மூக்குக்கண்ணாடி தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. இதை நான் தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "உலகத்துலயே முதல் தாத்தா நீங்கதான் பாருங்க" என்று என் வீட்டுக்காரி நொடிக்கிறாள். நொடிக்கட்டும். சந்தோஷம் என்ன பெயின்ட் டப்பாவா, மூடி போட்டு வைக்க?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பேத்தியைப் பற்றி அல்ல. என் சம்பந்தியம்மாவைப் பற்றி, அதாவது என் மகளின் மாமியாரைப் பற்றி. ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோது எல்லோரும் முகத்தைப் பார்த்தோம். யார் மூக்கு, யார் நெற்றி என்று சண்டை போட்டோம். அவர் மட்டும் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று மூடினார். "தூக்குங்க, உங்க பேத்திதானே" என்று நான் நீட்டினேன்.

"கையெல்லாம் மிஷின் எண்ணெய் அண்ணே. அப்புறம் தூக்குறேன்" என்று பின்னால் நகர்ந்தார்.

கையில் எண்ணெயே இல்லை. அந்த அப்புறமும் வெகுநாள் வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் அவர் கடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கடை, விளையாட்டு மைதானத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் சாவி வெட்டுகிறவர், மறு பக்கம் மருந்துக்கடை. நடுவில், கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிற அகலத்தில் நீளமாக ஓர் அறை. வாசலை ஒட்டித் தையல் மிஷின், உள்ளே இஸ்திரி மேஜை, மூலையில் உடுத்திப் பார்க்க ஒரு திரை. புதுத்துணி தைக்கிற கடை இல்லை. வாங்கிய துணியை ஆளுக்குத் தகுந்த மாதிரி சரிசெய்து தரும் ஆல்டர் கடை. நீளத்தைக் குறைப்பார், இடுப்பைப் பிடித்துச் சின்னதாக்குவார், ஜிப் மாற்றுவார், முட்டி கிழிந்தால் ஒட்டுப் போடுவார். ஒன்று மட்டும் செய்ய மாட்டார். இறுக்கமாகிப் போன துணியைப் பிரித்து அகலமாக்கித் தர மாட்டார்.

இது எனக்கு முதலில் தெரியாது. சம்பந்தி ஆவதற்கு முன்பே ஒருநாள் என் பேன்ட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"இடுப்பைக் கொஞ்சம் பிரிச்சு விடணும்மா."

"பிரிக்கிறது இல்லைங்க."

"உள்ள துணி தாராளமா விட்டிருக்காங்க, பாருங்க."

"துணியும் தாராளமா இருக்கு, வயிறும் தாராளமா இருக்கு. டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"சாப்பாடுதாம்மா அது!"

"சாப்பாடுன்னு நீங்க சொல்றீங்க. டாக்டர் சொல்லட்டும்."

நான் பெயின்டர். அன்றைக்கு வேலை நடந்த வீட்டில் சாரத்தில் நின்றபடி இதைச் சொன்னேன். கூட வேலை செய்தவர்கள் பிரஷைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். "அந்தம்மா கடையா? அங்க பிடிக்கிறதுதான் உண்டு, பிரிக்கிறது கிடையாது. ஊருக்கே தெரியுமே" என்றார்கள். திமிர் பிடித்தவர் என்று சிலர். கிறுக்கு என்று சிலர். நானும் திமிர் என்றுதான் நினைத்தேன்.

பிறகு என் மகள் வேலை பார்த்த கட்டிடத்தில் லிஃப்ட் அடிக்கடி நின்றது. ஒவ்வொரு தடவையும் சரிசெய்ய வந்தவர் அந்தத் தையல்காரியின் மகன். லிஃப்ட் ஏன் அத்தனை தடவை நின்றது என்பது கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

பேசப் போன அன்று கடையில் ஒரு படத்தைப் பார்த்தேன். மிஷினுக்கு மேலே, கண் நிமிர்ந்தால் படுகிற இடத்தில் மாட்டியிருந்தது. ஒரு பெண் வானத்தைப் பார்த்து, முதுகைக் கீழே வளைத்து, ஒரு கம்பிக்கு மேலே படுத்திருப்பது போல மிதக்கிறாள். கால் இன்னும் கம்பியைத் தாண்டவில்லை. தாண்டிவிடும் என்று பார்த்தாலே தெரிகிறது.

"என் தங்கச்சி" என்றார் மாப்பிள்ளை. அதற்கு மேல் சொல்லவில்லை.

மீதியை மைதானத்து மாஸ்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். மாஸ்டர் அங்கே பிள்ளைகளுக்கு ஓட்டமும் தாவலும் பழக்குகிறவர். விசில் கழுத்தில் தொங்காவிட்டால் சட்டை போடாதது போல உணர்கிற ஆள். அந்தப் பெண் பள்ளியில் கீழ் வகுப்பில் இருக்கும்போதே பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் என்று கண்டதையெல்லாம் தாண்டுவாளாம். வெட்டுக்கிளி என்று அவர்தான் பெயர் வைத்தார். தகப்பன் இல்லாத பிள்ளை. அம்மா கடையை விட்டு எங்கேயும் நகராதவர். ஒரே ஒரு தடவை பெரிய உயரம் தாண்டும் போட்டியைப் பார்க்கக் கடையை அடைத்துவிட்டுப் போனாராம். கம்பியை உயர்த்திக்கொண்டே போனார்கள். ஒவ்வொருத்தியாகத் தட்டிவிட்டு வெளியேறினார்கள். கடைசியில் இவளும் மூன்று முறை தட்டினாள். கம்பி மெத்தையில் விழுந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதிருக்கிறார்.

மகள் ஓடிவந்து, "ஏம்மா அழற? நான்தாம்மா ஃபர்ஸ்ட்டு!" என்றாளாம்.

"தட்டிவிட்டுட்டியே!"

"ஐயோ அம்மா, இந்த விளையாட்டுல ஜெயிக்கிறவளும் கடைசியில தட்டிட்டுத்தான் வருவா. தட்டுற வரைக்கும் ஏத்திக்கிட்டே போவாங்க."

"இது என்னடி கூத்து? ஜெயிச்சாலும் தோத்துட்டு வர்ற விளையாட்டா?" என்று அம்மா திட்டியதை மாஸ்டர் அப்படியே நடித்துக் காட்டுவார்.

அடுத்த வருஷம் இடது முட்டிக்கு மேலே வலி என்றாள். அந்தக் காலை ஊன்றித்தான் அவள் எழும்புவது. சுளுக்கு என்றார்கள். ஐஸ் வைத்தார்கள், கட்டுப் போட்டார்கள், ஓய்வு என்றார்கள். கடைசியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால் எலும்பில் புற்று. மருந்து ஏற்றினார்கள். முடி போனது, எடை போனது, பிறகு அந்தக் கால் போனது. அதன் பிறகு நெஞ்சில் பரவியது தெரிந்தது. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத பெண்.

அவளைச் சேர்த்திருந்த வார்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்கிற ஒரு டாக்டரம்மா இருந்தார். மகள் போன பிறகு சம்பந்தியம்மா ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறைகளைத் தைத்துக் கொடுக்கப் போயிருக்கிறார். அப்போது கேட்டாராம்: "இத்தனை பெரிய ஆஸ்பத்திரி, இதுக்கு ஒரு நல்ல மருந்து இல்லையா?"

டாக்டரம்மா மறைக்காமல் சொல்லியிருக்கிறார். "குழந்தைங்களுக்கு வர்ற புற்று எண்ணிக்கையில கொஞ்சம்மா. கொஞ்சம் பேருக்குன்னா மருந்து கண்டுபிடிக்க யாரும் பெருசா காசு போட மாட்டாங்க. பெரியவங்களுக்குச் செஞ்ச மருந்தையே அளவு குறைச்சுக் கொடுக்கிறதுதான் பாதி நேரம் நடக்குது."

"அப்போ நீங்களும் ஆல்டர் கடைதானா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல், "ஆமாம்மா" என்றார்.

"பெரியவங்க சட்டையைப் பிடிச்சுப் பிடிச்சுப் பிள்ளைக்கு மாட்டினா தோள் நிக்காது. நான் சொல்றேன் கேளுங்க, புதுசா வெட்டுங்க. துணிக்கு நாங்க பார்த்துக்கிறோம்."

அப்படி வந்ததுதான் வெட்டுக்கிளிப் போட்டி. வருஷத்துக்கு ஒருமுறை மாஸ்டர் மைதானத்தில் பிள்ளைகளுக்கு உயரம் தாண்டும் போட்டி வைப்பார். அந்தச் சாலையில் இருக்கிற கடைக்காரர்கள், பெற்றோர்கள், பழைய விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் கொடுப்பார்கள். வந்தது முழுவதும் டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்கு. சம்பந்தியம்மாவின் பங்கு கால்சட்டை. வெட்டுக்கிளி போட்டிருந்த மாதிரியே இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீலப் பட்டை வைத்தது. அந்தப் பெண் உயிரோடு இருந்தபோதே கூட விளையாடிய பெண்கள் "ஆன்ட்டி, எங்களுக்கும் அந்த மாதிரி வேணும்" என்று வரிசையில் வந்து நின்று தைத்துக்கொண்ட பட்டை அது. இப்போது அது அவளுடைய அடையாளமாகிவிட்டது. போட்டிக்கு முந்தைய மாதம் முழுவதும் சம்பந்தியம்மா அதைத்தான் தைப்பார். துணிக்காசு கூட எடுத்துக்கொள்ள மாட்டார். நான் உறவான பிறகு, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதும் பலகை எழுதுவதும் என் வேலை.

இந்த வருஷம் அந்த மாதத்தில்தான் பேத்தி பிறந்தாள்.

சம்பந்தியம்மா ஆஸ்பத்திரிக்கு வந்ததோடு சரி, மகளும் குழந்தையும் இருந்த எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. தையல் வேலை தலைக்கு மேல் என்றார். பேத்தி கடையில் வாங்கிய சட்டைக்குள் முழங்கை வரை மூழ்கிக் கிடந்தாள். "நல்லா இருக்கு போங்க. தச்சன் வீட்டுல கட்டில் இல்லாத கதையா, தையல்காரி பேத்திக்கு ரெடிமேடு" என்றாள் என் வீட்டுக்காரி. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒருநாள் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, அத்தை குழந்தையைத் தொடவே மாட்டேங்கறாங்க. நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?" என்று கேட்டாள். பிள்ளை பெற்றவள் கண் கலங்கினால் தகப்பன் எப்படிச் சும்மா இருப்பது? பலகையையும் பெயின்ட்டையும் எடுத்துக்கொண்டு, கேட்டுவிடுவது என்று கடைக்குப் போனேன்.

கேட்க முடியவில்லை. நான் போன கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்தார். கூடவே மாஸ்டர். டாக்டரம்மா எப்போதும் போட்டி நாளில்தான் வருவார். முன்கூட்டி வந்ததே சரியாகப் படவில்லை. சம்பந்தியம்மா மிஷினை நிறுத்தினார். காலடியில் நீலப் பட்டை சுருள் சுருளாகக் கிடந்தது.

"போட்டிக்கு முன்னாடியே உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்மா" என்றார் டாக்டரம்மா. "நீங்க கொடுத்ததை வச்சு ஒரு மருந்தைப் பார்த்துக்கிட்டு இருந்தோம் இல்லையா? அது அந்தக் கட்டிக்கு வேலை செய்யலை. எல்லா விதத்துலயும் பார்த்துட்டோம். அந்த வழி மூடிடுச்சு."

சம்பந்தியம்மா கத்தரியை எடுத்து மேஜையில் வேறு இடத்தில் வைத்தார்.

"அப்போ இத்தனை வருஷம் இவங்க கொடுத்தது?"

"வீண் இல்லைம்மா. இது உதவாதுன்னு தெரிஞ்சது பெரிய விஷயம்."

"டாக்டரம்மா, நான் தையல்காரி. தப்பா வெட்டின துணியை வீண்ணுதான் சொல்லுவேன். பெரிய விஷயம்னு சொல்ல மாட்டேன்."

"இன்னொரு ஊர் ஆஸ்பத்திரியில இதே மருந்தைக் குழந்தைங்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்னு இருந்தாங்க. எங்க முடிவைப் பார்த்துட்டு நிறுத்திட்டாங்க."

சம்பந்தியம்மா நிமிர்ந்தார். "அந்த மருந்துக்கு வாந்தி வருமா?"

"வரும். மோசமா வரும்."

"அப்போ நிறுத்தினதால அந்தப் பிள்ளைங்க எடுக்கலை."

"எடுக்கலை. அது மட்டும் நிச்சயம்."

அவர் குனிந்து காலடியில் கிடந்த பட்டையைச் சுருட்டத் தொடங்கினார். மாஸ்டருக்கு மௌனம் ஆகாது. விசிலைத் திருகிக்கொண்டே, "ஏம்மா, உன் பொண்ணு எந்தப் போட்டியில கடைசித் தாவலைத் தாண்டினா சொல்லு? தட்டிட்டுத்தானே வருவா? கம்பியை எடுத்து மறுபடி வைக்கிறதுதானே நம்ம வேலை" என்றார்.

"அது கம்பி மாஸ்டர். இது பிள்ளைங்க." குரல் உயரவில்லை. "போட்டி வேணும்னா நீங்க வச்சுக்குங்க. நான் இனிமே இந்தப் பட்டையைத் தைக்கிறதா இல்லை. என்னால முடியலை."

"பட்டை என்ன பண்ணுச்சு? அந்தப் பட்டையைப் பார்த்தாதான் ஜனங்க கொடுக்கிறாங்க. உன் பொண்ணோட அழகும்மா அது."

"அழகா?" என்று எழுந்தார்.

இஸ்திரி மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து, பழைய கால்சட்டை ஒன்றை எடுத்தார். வெளுத்திருந்தது. உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். இடது தொடைத் தையல் ஓரமாக வரிசையாக ஊசி ஓட்டைகள், ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றாக.

"இந்த வரிசைதான் முதல்ல தைச்சது. இடது கால் மட்டும் இறுக்குதும்மான்னா. தாவுற கால் இல்லையா, அது பருத்துத்தான் இருக்கும்னா. மாஸ்டரும் அப்படித்தான் சொன்னாராம். உள்ள துணி இருந்துச்சு. பிரிச்சு விட்டேன். இது ரெண்டாவது வரிசை. அப்புறம் மறுபடி இறுக்குச்சு. உள்ள துணி தீர்ந்துபோச்சு. ஒரு பக்கம் மட்டும் ஒட்டுப் போட்டா அசிங்கமா தெரியும்னு ரெண்டு பக்கமும் நீலப் பட்டை வச்சேன். வலது பக்கப் பட்டை சும்மா. இடது பக்கப் பட்டைதான் நிஜம்."

கால்சட்டையை இஸ்திரி மேஜையில் விரித்து, பட்டையைக் கையால் நீவினார்.

"ஒருத்தருக்கு ஒரு தோள் ஏறியிருக்கும், ஒருத்தருக்கு ஒரு இடுப்பு இறங்கியிருக்கும். அதைத் துணியில மறைச்சுக் கொடுக்கிறதுதானே என் பிழைப்பு. பெத்தவளுக்குக் கண்ணு இல்லையான்னு கேட்பாங்க. கண்ணு இருந்துச்சு. பார்த்துச்சு. ஆனா கை முந்திக்கிச்சு. கால் ஏன் பருத்துச்சுன்னு கேட்கலை, துணியை அகலமாக்கினேன். அதுவும் எவ்வளவு அழகா மறைச்சேன்னா, மத்த பிள்ளைங்க வந்து எனக்கும் வேணும் எனக்கும் வேணும்னு கேட்டாங்க. அதைத்தான் வருஷா வருஷம் தைக்கிறேன். அவ நினைவா இருக்குன்னு எல்லாரும் தடவிப் பார்க்கிறாங்க. தையலைப் பிரிச்சாலும் ஓட்டை நிக்குது பாருங்க."

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அந்தக் காலை நான்தாம்மா தினம் பார்த்தேன். ஐஸ் வை, ஐஸ் வைன்னு சொன்னேன். நீ என்னைத் திட்டாம இருக்கிறியே, பெரிய மனசுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"உங்களை எங்கே திட்ட? என்னைத் திட்டவே எனக்கு நேரம் போதலை."

பிறகு டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டார். இத்தனை வருஷம் பழகியும் கேட்காத கேள்வி. "முதல் தடவை இறுக்குதுன்னு சொன்னப்பவே உங்ககிட்ட கூட்டிட்டு வந்திருந்தா?"

டாக்டரம்மா சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியலைம்மா. ஆறுதலுக்குப் பொய் சொல்ல மாட்டேன். சில பிள்ளைங்களுக்கு அந்தக் கொஞ்ச காலமே உதவும். சில பிள்ளைங்களுக்கு வலி தெரியிறதுக்கு முன்னாடியே பரவியிருக்கும். உங்க பொண்ணு எந்தப் பக்கம்னு இப்போ யாராலயும் சொல்ல முடியாது."

சம்பந்தியம்மா தலையை ஆட்டினார். அந்தப் பதிலைத்தான் இத்தனை வருஷமும் எதிர்பார்த்துப் பயந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆம் என்றாலும் தாங்கலாம், இல்லை என்றாலும் தாங்கலாம். இரண்டும் இல்லாததை எங்கே வைப்பது? கால்சட்டையை மடித்துப் பையில் வைத்தார். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கேட்க வந்ததைக் கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது. மகளிடம் சொன்னேன். அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சில நாள் கடை பூட்டிக் கிடந்தது. சாவிக்காரர், "அந்தம்மாவே பூட்டிட்டுப் போயிட்டாங்க. சாவி வெட்டித் தரட்டுமான்னு கேட்டேன், சிரிக்கக்கூட இல்லை" என்றார். மாஸ்டர் மைதானத்தில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தார். போட்டி இல்லை என்று யாரும் சொல்லவில்லை, உண்டு என்றும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் காலை சம்பந்தியம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கடை திறந்திருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசிக்கு அடியில் நீலப் பட்டை.

"அண்ணே, கடைக்கு ஒரு பலகை எழுதணும்."

"சொல்லுங்க."

"ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் முதலில் டாக்டர், பிறகு தையல். அப்படி எழுதுங்க. எழுத்து பெருசா இருக்கணும்."

"என் வயித்துக்கும் இதைத்தானே சொன்னீங்க" என்றேன்.

"உங்க வயிறு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு. அது சாப்பாடுதான்." அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார். பிறகு மிஷினைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கேயோ ஒரு பிள்ளை வீணா வாந்தி எடுக்கலைன்னாங்களே அண்ணே. எங்க வீட்டுல அந்த வாந்தியை ஏந்தின கை இது. அது போதும்னு சொல்ல மாட்டேன். என் பிள்ளைக்கு ஈடுன்னும் சொல்ல மாட்டேன். ஆனா அது இருக்கு. அதை நான் இல்லைன்னு சொல்ல முடியாது."

போட்டி நடந்தது. இத்தனை வருஷமும் பந்தலுக்குப் பின்னால் நின்று பட்டன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், இந்தத் தடவை மைக்கைக் கேட்டு வாங்கினார். பிடிக்கத் தெரியாமல் கத்தரியைப் போலப் பிடித்துக்கொண்டார். பழைய கால்சட்டையைத் திருப்பிக் காட்டி, பட்டை எப்படி வந்தது என்று கடையில் எங்களிடம் சொன்னதையே சொன்னார். அழவில்லை. "பயமுறுத்தறதுக்குச் சொல்லலை. எல்லாக் கால் வலியும் அது இல்லைன்னு டாக்டரம்மா சொல்றாங்க. ஆனா துணியை மாத்துறதுக்கு முன்னாடி காலைப் பாருங்க. அப்புறம், போன வருஷம் வரைக்கும் நீங்க கொடுத்த காசுல பார்த்த மருந்து உதவலை. அதையும் தெரிஞ்சுக்கிட்டுக் கொடுக்கணும்னா கொடுங்க. இல்லைன்னா கோபம் இல்லை."

சிலர் எழுந்து போனார்கள். பொய் சொல்லக் கூடாது, போனார்கள். பெரிய ஹார்டுவேர் கடைக்காரர் இந்தத் தடவை ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் பல தாய்மார்கள் அங்கேயே பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்து முட்டியைத் தடவிப் பார்த்தார்கள். பிள்ளைகள் கூச்சத்தில் நெளிந்தன. வந்த பணத்தை டாக்டரம்மா வாங்கிக்கொண்டு, அடுத்து எந்த வழியில் தேடப்போகிறார்கள் என்று சொன்னார். எனக்குப் பாதி புரியவில்லை. சம்பந்தியம்மா கேட்டது மட்டும் புரிந்தது: "இதுவும் மூடிடுச்சுன்னா வந்து சொல்லுவீங்கதானே?"

"முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்."

அன்று ஜெயித்த பெண் கடைசித் தாவலில் தோளால் கம்பியைத் தட்டிவிட்டு, மெத்தையில் கிடந்தபடியே சிரித்தாள். மாஸ்டர் போய்க் கம்பியை எடுத்தார். சம்பந்தியம்மா அந்தப் பெண்ணைப் பார்க்காமல் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப். என் வீட்டுக்காரி வாயைத் திறக்கப் போனாள், நான் கண்ணைக் காட்டினேன். சம்பந்தியம்மா கைகளை இரண்டு முறை கழுவிக்கொண்டு வந்து, மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். டேப்பை வலது தொடையில் சுற்றினார். பிறகு இடது தொடையில். பேத்தி டேப்பின் நுனியைக் காலால் உதைத்துவிட்டாள். மறுபடியும் சுற்றினார்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். பிறகு மருமகளிடம், "நீயும் பாரும்மா. நான் பார்த்ததை நம்பாதே" என்று டேப்பைக் கொடுத்தார். அவளும் பார்த்தாள். குழந்தையின் காலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பிறகுதான் சம்பந்தியம்மா அழுதார். வெகுநேரம் அழுதார். குழந்தை அவர் வளையலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் ஒரு சின்னக் கால்சட்டையைத் தைத்து எடுத்துக்கொண்டு மறுபடி வந்தார். வெள்ளை. பட்டை இல்லை. என் வீட்டுக்காரி வாங்கி, உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன சம்பந்தி இது? வளர்ற பிள்ளை, உள்ள கொஞ்சம்கூடத் துணி விடலையே. மாசத்துல இறுக்கிடுமே" என்றாள்.

"இறுக்கட்டும்" என்றார் சம்பந்தியம்மா. "இறுக்கும்போது கொண்டுவாங்க. ரெண்டு காலையும் பார்த்துட்டுப் புதுசா தைச்சுத் தரேன்."